டொயோட்டா 86-இல் ஹெடர் மாற்றி ஓட்டிய அனுபவம்: செலவுக்குத் தகுமா?

முதல் தலைமுறை டொயோட்டா 86 வைத்திருப்பவர்களுக்கு அந்தக் குழி நன்றாகத் தெரியும். சுமார் 3,500 முதல் 4,500 ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) வரை எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின் தயங்கும், தாண்டியதும் பாயும். டர்போ இல்லாத 2 லிட்டர் பாக்ஸர் எஞ்சின், அதாவது சிலிண்டர்கள் எதிரெதிரே படுத்திருக்கும் வகை. அதன் 200 குதிரைத்திறன் முழுதாக வருவது 7,000 ஆர்பிஎம்மில்தான். நான் ஹெடர் (சிலிண்டர்களிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் பைப் தொகுதி) மாற்றியது சத்தத்துக்காக அல்ல, அந்தக் குழிக்காக.

சில வருடம் ஓட்டிவிட்டுச் சொல்கிறேன்: இந்தக் காருக்குத் தகும், ஆனால் டியூனிங்கோடு, அதாவது எஞ்சின் கணினியின் அமைப்புகளைத் திருத்துவதோடு, சேர்த்துச் செய்தால்தான்.

ஒரு சிலிண்டரின் புகை பைப்பில் வேகமாக ஓடும்போது அதன் பின்னால் அழுத்தம் குறையும். அது சரியான நேரத்தில் அடுத்த சிலிண்டரின் வால்வை எட்டினால் அங்குள்ள புகையையும் இழுத்துக்கொண்டு போகும். எந்த ஆர்பிஎம்மில் இது நன்றாக நடக்கும் என்பது பைப்பின் நீளத்தையும் விட்டத்தையும் பொறுத்தது. அதனால்தான் எல்லா சிலிண்டருக்கும் பைப் ஒரே நீளத்தில் இருக்கும் சம நீள ஹெடரை எடுத்தேன். நீளம் மாறுபடும் ஹெடரில் இந்த எஞ்சினைத் தயாரிக்கும் சுபாருவின் கார்களுக்கே உரிய அந்த உறுமல் கிடைக்கும். அது வேண்டுமென்றால் அதை வாங்குங்கள், தவறில்லை.

மாட்டியதும் டியூன் செய்யாமல் ஓட்டிப் பார்த்தேன், வித்தியாசம் சொற்பம். ஈசியூவில் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) எரிபொருள் கலவையும் இக்னிஷன் டைமிங்கும் திருத்திய பிறகுதான் நடுப்பகுதி உயிர் பெற்றது. முன்பு ஓவர்டேக் செய்ய ஒரு கியர் இறக்கியே ஆகவேண்டிய இடத்தில் இப்போது மூன்றாவதிலேயே இழுக்கிறது. உச்ச வேகத்தில் பெரிய மாற்றம் எதுவும் உணரவில்லை.

தொல்லைகளும் உண்டு. கொஞ்ச நாளில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். எஞ்சின் சூடானதும் நின்றுவிடும். வண்டியைத் தூக்கிப் பார்த்தால் ஹெடர் எஞ்சினோடு சேரும் தட்டான ஃபிளாஞ்சின் ஓரத்தில் விரலளவு கரி படிந்திருந்தது. இடையில் அடைப்பாக இருக்கும் கேஸ்கெட் வழியே புகை கசிந்திருக்கிறது. உலோகம் சூட்டில் விரிந்ததும் இடைவெளி அடைபட்டிருக்கிறது. பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட் போட்டு, சூடாகி ஆறிய பிறகு நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் முறுக்கியதும் சரியானது.

அப்புறம் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் பாகம். இந்தக் காரில் முதல் கன்வெர்ட்டர் ஒரிஜினல் ஹெடரோடு சேர்ந்தே வருகிறது. கன்வெர்ட்டர் இல்லாத ஹெடர் மாட்டினால் செக் எஞ்சின் லைட் எரியும், புகை நாற்றம் அடிக்கும், பல நாடுகளில் சாலையில் ஓட்டுவதே சட்டவிரோதம். புகையை அதிகம் தடுக்காத ஹை ஃப்ளோ கன்வெர்ட்டர் உள்ளதையே வாங்கினேன். லாபம் கொஞ்சம் குறைந்தாலும் பின்னால் வருபவர் மூச்சுவிட வேண்டுமே.

டர்போ கார் என்றால் முதலில் டியூனும் டவுன்பைப்பும் (டர்போவுக்குப் பின் வரும் புகைக் குழாய்)தான், ஹெடர் பிறகு. இப்போது பல எஞ்சின்களில் ஹெடரின் இடத்தில் வரும் மேனிஃபோல்ட் சிலிண்டர் ஹெட்டோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டிருக்கிறது, அவற்றில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. இரண்டாம் தலைமுறையான ஜிஆர் 86 வைத்திருப்பவர்களும் அவசரப்பட வேண்டாம். அந்த 2.4 லிட்டர் எஞ்சின் 3,700 ஆர்பிஎம்மிலேயே 250 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்று விசை) தருகிறது. அந்தப் பணத்தை டயருக்கும் பிரேக் பேடுக்கும் போடுங்கள்.