மிரிஸ்ஸவா, திருகோணமலையா, கற்பிட்டியா: திமிங்கிலம் பார்க்க எந்த மாசம் எந்தக் கரை?

இலங்கையில திமிங்கிலம் பார்க்க எந்த மாசம் நல்லது எண்டு கேக்கிற ஆக்களிட்ட நான் முதல்ல கேக்கிறது, எந்தக் கரைக்குப் போறதா யோசிச்சிருக்கிறியள் எண்டுதான். இந்தச் சின்னத் தீவில ஒரு பக்கம் கடல் கொந்தளிக்கேக்க மற்றப் பக்கம் குளம் மாதிரிக் கிடக்கும். நீலத் திமிங்கிலம் வருஷம் முழுக்க இந்தத் தீவைச் சுத்தி எங்கயாவது இருக்கும், மற்றக் கடல்களில இருக்கிறதுகள் கோடைக்குக் குளிர்க்கடலுக்குப் போய் இரை தின்னும், எங்கட பக்கத்தில இருக்கிறதுகள் அப்பிடி அன்டார்டிக்கா வரைக்கும் போறேல்ல, இந்தச் சூட்டுக் கடலிலயே இரை தேடி வாழுதுகள், கடல் உயிரியலாளர் ஆஷா டி வொஸ் வருஷக்கணக்கா ஆராய்ச்சி செய்யிறது இதுகளைப் பற்றித்தான். அதால சீசன் எண்டு நாங்கள் சொல்லுறது முக்கால்வாசி போட் போறதுக்கான சீசன். காத்து அடங்கினாத்தான் போட் போகும், அவ்வளவுதான்.

முதல்ல மிரிஸ்ஸ. கார்த்திகையில இருந்து சித்திரை நடு வரைக்கும், அதாவது நவம்பர் தொடங்கி ஏப்ரல் நடு மட்டும், தெற்குக் கடல் அடங்கிக் கிடக்கும். தீவின்ர தெற்கு முனையான தெய்வேந்திரமுனைப் பக்கம் கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டின ஆழங்குறைஞ்ச கடலடி, ஒடுக்கம், கரையில இருந்து பெரிய தூரம் போக முதலே கடல் ஆழத்துக்கு இறங்கீடும், அதால திமிங்கிலம் கரைக்குக் கிட்டவா வரும். காலமை ஆறு, ஆறரைக்கு வெளிக்கிட்டா பதினொரு மணி போல திரும்பலாம். நீலத் திமிங்கிலத்தை எப்பிடியாவது ஒருக்காக் கண்டாக் காணும் எண்டு வாறவைக்கு நான் வேற இடம் சொல்ல மாட்டன், பெப்ரவரி மார்ச்சில அங்க போங்கோ. டிசம்பர் ஜனவரியிலயும் காணலாம், ஆனா வெளிநாட்டுச் சனம் நிறைஞ்சு ரூம் விலை எல்லாம் ஏறியிருக்கிற நேரம். சித்திரை வருஷப்பிறப்போட உள்ளூர்ச் சனமும் சேர்ந்திடும், பிறகு மே வர தென்மேற்குக் காத்துத் தொடங்கும், கதை முடிஞ்சுது.

மிரிஸ்ஸயில எனக்கு மனசுக்கு ஒத்துக்கொள்ளாத விஷயம் ஒண்டு இருக்கு. ஒரு திமிங்கிலம் மூச்சு விட மேல வந்தா நாலு பக்கத்தாலயும் போட்டுகள் பாய்ஞ்சு வரும். 2012-இல வந்த சட்டவிதிப்படி நூறு மீற்றருக்கு உள்ள கிட்டப் போகக்கூடாது, ஆனா நல்ல படம் கேக்கிற பயணி ஒருத்தர் ஏறினா அந்த நூறு மீற்றர் சுருங்கிப் போகுது. அதுக்கும் மேல, உலகத்திலயே ஆக நெருக்கமான கப்பல் பாதைகளில ஒண்டு அந்தக் கடலாலதான் போகுது, கப்பல் அடிச்சுச் செத்த திமிங்கிலங்கள் கரையொதுங்கினதும் உண்டு. 2022-இல எம்எஸ்சி கப்பல் கம்பனி தன்ர கப்பல்களை இன்னும் தெற்கால தள்ளி ஓட்ட முடிவெடுத்தது பெரிய ஆறுதல், எல்லாக் கம்பனியும் அதைச் செய்ய வேணும், பாதையே மாற வேணும் எண்டுதான் எனக்கு ஆசை.

திருகோணமலை இதுக்கு நேர் எதிர். வாடைக் காலத்தில, அதாவது கார்த்திகை மார்கழி தையில, அங்க கடலுக்குப் போற கதையே வேண்டாம். தெற்கு மூடுற நேரம்தான் கிழக்கு திறக்கும், ஏப்ரல் கடைசியில இருந்து ஓகஸ்ட் மட்டும், அதிலயும் மே, ஜூன் எண்டா எனக்கு ஆகப் பிடிச்ச காலம். கச்சான் எண்ட அந்தத் தென்மேற்குக் காத்து தரைப் பக்கத்தால சூடா வரும், காலமைக் கடல் அமைதியா இருக்கும், வெயில் ஏற ஏறத்தான் காத்தும் கூடும், அதால விடியமுதல் வெளிக்கிடுறதுதான் புத்தி. துறைமுக வாயிலயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒண்டு ஆழமா இறங்குது, கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலையில நிண்டு பைனாகுலரால பார்த்தே சிலநேரம் தண்ணி பீச்சுறதைக் காணலாம். 80களின் தொடக்கத்தில டியூலிப் எண்ட பாய்க்கப்பலில வந்த ஆராய்ச்சியாளர்கள் திமிங்கிலங்களைப் பற்றி வேலை செய்ததும் இந்தக் கடலிலதான், பிறகு யுத்தம் வந்து எல்லாம் நிண்டு போச்சு, இல்லாட்டி மிரிஸ்ஸக்கு முதல் இந்த ஊர்தான் பேர் எடுத்திருக்கும் எண்டு நான் நம்புறன்.

குறையும் சொல்லவேணும். உப்புவெளி, நிலாவெளியில இருந்து போறது கூடுதலாச் சின்ன ஃபைபர் போட், கூரை இருக்காது, ரொய்லெட் இருக்காது, வயசானவை சின்னப்பிள்ளையளோட போறது கஷ்டம். காணுற உறுதியும் மிரிஸ்ஸ அளவுக்கு இல்ல, வெறுங்கையோட திரும்பிற நாள் வரும், அதுக்கு ரெண்டு நாள் கையில வைச்சுக்கொண்டு போங்கோ. ஆனா கண்டீங்கள் எண்டா சுத்திவர வேற போட் இல்லாம, எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு அந்த மூச்சுச் சத்தத்தைக் கேக்கலாம். ஜூலை ஓகஸ்ட்டில போனா திரும்பி வாற வழியில மின்னேரியாவில யானைக் கூட்டத்தையும் பார்க்கலாம்.

வடமேற்குக் கரையில இருக்கிற கற்பிட்டியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒண்டுமில்ல. நவம்பரில இருந்து ஏப்ரல் மட்டும் கடலுக்குப் போகலாம், ஸ்பின்னர் டொல்பின் நூற்றுக்கணக்கில துள்ளிறதைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்ல, பிள்ளையளுக்கு அது போதும். திமிங்கிலம் எண்டு பார்த்தா பெப்ரவரி, மார்ச்சில வெளிக்கடலில ஸ்பெர்ம் திமிங்கிலம் எண்ட வேறொரு இனம் கூட்டமா வரலாம், வராமலும் விடலாம். தலையின்ர இடப்பக்கமாச் சரிஞ்சு தண்ணி பீச்சினா அதுதான், நீலத் திமிங்கிலம் நேர மேல பீச்சும். ஸ்பெர்ம் திமிங்கிலம் வாலைத் தூக்கித் தண்ணிக்குள்ள தாண்டா முக்கால் மணித்தியாலம் மேல வராமலும் இருக்கும், பொறுமை வேணும்.

ஆக லீவு பள்ளிக்கூட ஓகஸ்ட்டில எண்டா மிரிஸ்ஸ எண்டு யார் விளம்பரம் போட்டாலும் காசு கட்டாதீங்கோ, அந்த நேரம் திருகோணமலைதான். டிசம்பரில எண்டா மிரிஸ்ஸ. ஏப்ரல் கடைசி கொஞ்சம் சிக்கல், தெற்கு மூடிக்கொண்டு வரும், கிழக்கு அப்பதான் திறக்கும், என்னைக் கேட்டா கிழக்குக்கே போவன். ஒக்டோபரில ரெண்டு பக்கமும் நம்பேலாது, மழையும் இடியும் எப்ப வரும் எண்டு தெரியாது, திமிங்கிலத்துக்காக மட்டும் எண்டா அந்த மாசம் டிக்கெட் போடாதீங்கோ.

எந்தக் கரை எண்டாலும் முற்பணம் கட்ட முதல் ஒப்பரேட்டரிட்ட, திமிங்கிலத்தைக் கண்டா எவ்வளவு தூரத்தில நிப்பாட்டுவீங்கள் எண்டு கேளுங்கோ. கிட்டக் கொண்டுபோய்க் காட்டுவம் எண்டு பெருமையாச் சொல்லுறவரை விட்டுட்டு அடுத்த ஆளிட்டப் போங்கோ. சத்தி வாறவை வெளிக்கிட ஒரு மணித்தியாலம் முதலே குளிசையைப் போட்டிடுங்கோ, கடலுக்குள்ள போய்ப் போட்டா பிரயோசனமில்ல.