கேம் ஆஃப் த்ரோன்ஸ் 8-2: சண்டையே இல்லாத எபிசோட்

கேம் ஆஃப் த்ரோன்ஸ் என்ற ஆங்கில டிவி தொடரில் எந்த எபிசோட் பிடிக்கும் என்று கேட்டால் பெரும்பாலும் ஏதாவதொரு போரைத்தான் சொல்வார்கள். என் ஓட்டு எட்டாவது சீசனின் இரண்டாம் எபிசோடுக்கு. 2019 ஏப்ரலில் வந்தது, பெயர் 'எ நைட் ஆஃப் தி செவன் கிங்டம்ஸ்'. இதில் ஒருத்தர்கூடச் சாகவில்லை. அந்த சீரியலில் அதுவே பெரிய விஷயம்.

கதை என்று பார்த்தால் ஒன்றுமில்லை. செத்தவர்களின் படை விடிவதற்குள் விண்டர்ஃபெல் கோட்டைக்கு வந்துவிடும். பிழைப்போம் என்று உள்ளே யாருக்கும் நம்பிக்கை இல்லை. தூக்கம் வராமல் மூலைக்கு நாலு பேராக உட்கார்ந்து பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

பெரிய கூடத்தில் நெருப்புப் பக்கத்தில் ஆறு பேர். வீரன் ஜேமியின் தம்பி டீரியன் எல்லோருக்கும் ஒயின் ஊற்றுகிறான். தன் உதவியாள் பையன் பாட்ரிக்குக்கு அரைக் கோப்பை போதும் என்கிறாள் வாள் வீராங்கனை பிரியென். டீரியன் சரி என்று தலையாட்டிவிட்டு வழிய வழிய ஊற்றுகிறான். டார்மண்ட், தான் ராட்சசியிடம் பால் குடித்து வளர்ந்த கதையைச் சொல்லி, கொம்பிலிருந்து தாடியெல்லாம் நனையக் குடிக்கிறான். இப்படி அரட்டையாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் பேச்சு பிரியெனின் பட்டத்துக்கு வருகிறது. பெண்ணுக்கு 'சர்' பட்டம், அதாவது நைட் என்ற வீரர் பட்டம், கிடையாதா? ஏன் கிடையாது? வழக்கம் அப்படி. இந்த வழக்கமெல்லாம் இல்லாத, வடக்கே பனிச்சுவருக்கு அந்தப் பக்கத்து ஆளான டார்மண்ட், அந்த வழக்கத்தை ஒரு கெட்ட வார்த்தையில் தூக்கிப் போடுகிறான். பட்டம் வாங்கிய எவனும் இன்னொருவருக்குப் பட்டம் கொடுக்கலாமே, ராஜா எதற்கு என்று எழுந்து வாளை உருவுகிறான் ஜேமி. கேலி செய்கிறான் என்றுதான் அவள் முதலில் நினைக்கிறாள். பாட்ரிக்கைத் திரும்பிப் பார்க்கிறாள். அவன் தலையை லேசாக அசைத்த பிறகுதான் மண்டியிடுகிறாள்.

இதை எழுதியவர் பிரையன் காக்மன். மூன்றாவது சீசனில், கை வெட்டுப்பட்ட ஜேமி குளியல் தொட்டியில் பிரியெனிடம் தான் ராஜாவைக் கொன்ற காரணத்தைச் சொல்லி உடைந்துபோவானே, அந்த எபிசோடும் அவர் எழுதியதுதான். நாலாவது சீசனில் ஜேமி அவளுக்கு வாள் கொடுத்து அனுப்புவதும் அவர் கைதான். அந்த வாள், விண்டர்ஃபெல்லின் பழைய தலைவர் நெட் ஸ்டார்க்கின் பெரிய வாளை உருக்கி இரண்டாக அடித்ததில் ஒன்று. இப்போது ஜேமி இடது கையால் அவள் தோளில் வைக்கிறானே, அது இன்னொன்று. யாரும் வாய்விட்டு இதைச் சொல்வதில்லை. ஆறு வருஷம் ஒரே ஆள் நூல் விடாமல் பிடித்திருந்ததால்தான் இந்தச் சில நிமிஷம் இப்படி இறங்குகிறது. இதே கடைசி சீசனில் மற்ற பல பேருடைய கதையை அவசர அவசரமாக முடித்ததைப் பார்த்தால் இந்த அருமை இன்னும் தெரியும்.

எழுந்து நிற்கும்போது, பிரியெனாக நடித்த க்வெண்டலின் கிறிஸ்டியின் முகத்தைப் பாருங்கள். அழுகையை அடக்கப் பார்த்து, அது முடியாமல், மெதுவாகச் சிரிப்பாகிறது. எத்தனை சீசனாகச் சிரிக்காத முகம்! அந்த வருஷம் அமெரிக்க டிவி விருதான எம்மிக்கு அவர் பெயரை அவரே அனுப்ப வேண்டியிருந்தது. பரிந்துரைப் பட்டியலிலும் இடம் பிடித்தார்.

எனக்கு இது கொஞ்சம் அதிகமாகவே உறைத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் நகரத்தார் வழக்கத்தில் கல்யாணமானால்தான் புள்ளி, அதாவது கோவில் கணக்கில் ஒரு குடும்பமாக எண்ணுவார்கள். முப்பத்தெட்டு வயதில், காரைக்குடியில் சொந்தமாகத் தொழில் நடத்தி, வீட்டுச் செலவு முழுக்கப் பார்த்துக்கொண்டாலும் கோவில் கணக்கில் நான் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அப்பத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது. "இந்த நெட்டைப் பிள்ளைக்கு என்னத்தா கொடுக்குறாங்க?" என்றார். பட்டம் என்றேன். "இம்புட்டு நாள் கொடுக்காம என்ன செஞ்சாங்களாம்?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடிக்க ஆரம்பித்துவிட்டார்.

குறையும் இருக்கிறது. பெண்கள், பிள்ளைகளுக்குச் செத்தவர்களைப் புதைத்திருக்கும் நிலவறைதான் பாதுகாப்பு என்று ஆளாளுக்குச் சொல்லும்போதே அங்கே என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துவிடுகிறது. செத்தவர்களை எழுப்பிப் படை நடத்தும் பனி ராஜாவுக்கு என்னதான் வேண்டும் என்பதை நெட் ஸ்டார்க்கின் மகன் பிரான் இரண்டு வரியில் சொல்லி முடித்துவிடுகிறான். எட்டு சீசன் காத்திருந்தவர்களுக்கு அது போதாது. ஆர்யா, ஜெண்ட்ரி ஜோடியின் படுக்கைக் காட்சி வரும்போது வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் தண்ணீர் எடுக்க எழுந்து போய்விட்டேன்.

பாட்ரிக் பாடும் பாட்டு முடிந்ததும் அணைத்துவிடாதீர்கள். கடைசியில் பெயர்கள் ஓடும்போது ஃப்ளோரன்ஸ் அண்ட் தி மெஷின் என்ற இசைக்குழுவினர் அதே பாட்டைப் பாடுகிறார்கள். முதல்முறை பார்ப்பவர்கள் மூன்றாவது சீசனின் ஐந்தாம் எபிசோடையும் நாலாவது சீசனின் நாலாம் எபிசோடையும் ஒரு தடவை தட்டிவிட்டு வாருங்கள். இதற்கு அடுத்த எபிசோட்தான் அந்தப் பெரிய போர். முழுக்க இருட்டில் எடுத்திருக்கிறார்கள். வளவு (வீட்டு நடுமுற்றம்) வெளிச்சம் விழும் இடத்தில் டிவி வைத்திருப்பவர்கள் அதைப் பொழுது சாய்ந்த பிறகு போடுங்கள், பகலில் உங்கள் முகம்தான் திரையில் தெரியும்.