அம்பாசடர் பின்பக்க பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மொத்தமா கழட்டி கட்டுனது: நாலு வருஷம், 31,000 கிலோமீட்டர் ஓட்டுன அனுபவம்

வண்டி 1984 மார்க் 4 பெட்ரோல், அதே 1489 சிசி இன்ஜின். அப்பா ஓட்டுனது, இப்ப நான் ஓட்டறேன். கொஞ்ச வருஷமாவே பின்பக்கம் வலது பக்கமா சாய்ஞ்சு நிக்கும், வீல் நடுவுல இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப் வச்சு அளந்தா இடதை விட வலது 28 மில்லி கம்மி. டிரைவர் மட்டும் தனியா உக்காந்து ஓட்டுன வண்டிங்க, அத்தனை வருஷ பாரமும் ஒரே பக்கம் தானே.

முதல் தடவை 2019ல ஒரு பட்டறையில குடுத்தேன். பின்பக்க பாரத்தை தாங்கற அந்த பழைய வில் பட்டையையே உலையில காய்ச்சி அடிச்சு வளைவு ஏத்திக் குடுத்தாங்க, பாக்கறதுக்கு சும்மா கும்முனு நின்னுச்சு, எட்டே மாசத்துல பழைய படி இறங்கிருச்சு. காரணம் அப்புறம் தான் புரிஞ்சது, ஸ்பிரிங் ஸ்டீலை சிவக்க காய்ச்சுனா அதுல இருந்த டெம்பர், அதாவது வளைஞ்சு திரும்ப நிமிர்ற குணம், போயிரும், திரும்ப எண்ணெயில முக்கி எடுத்து மறுபடி மிதமான சூட்டுல வச்சு டெம்பர் ஏத்தலைன்னா அது வெறும் இரும்பு பட்டை தான், பாரம் ஏறுனா வளைஞ்ச இடத்துலயே நின்னுக்கும்.

ரெண்டாவது தடவை, 2021ல, லாரி பட்டை வேலை பாக்கற ஒரு பெரியவர்கிட்ட போனேன். போன உடனே "தம்பி, எக்ஸ்ட்ரா ஒரு பட்டை சேத்து கட்டிரலாம், இறங்கவே இறங்காது"ன்னாரு. வேண்டாங்கன்னு சொல்லிட்டேன். எல்லாரும் சொல்ற யோசனை தான் அது, ஆனா அப்படி கட்டுனா பட்டை விறைப்பாயிரும், பாரம் இல்லாம ஓடும்போது பின்னாடி உக்காந்த அம்மாவுக்கு இடுப்பு போயிரும், அம்பாசடரோட சொகமே பின் சீட்டு தானுங்க. பழைய அளவுலயே ரெண்டு பக்கமும் புது பட்டை வெட்டி டெம்பர் ஏத்தி வாங்கினேன்.

கழட்டறதுக்கு முன்னாடி மூணு நாள் ஷேக்கிள் (பட்டை முனையை பாடியோட கோக்கற ஆடுற இணைப்பு) நட்டுக்கும், பட்டையை ஆக்சிலோட சேத்துப் பிடிக்கற யூ போல்ட்டுக்கும் துரு எடுக்கற ஆயில் ஊத்தி ஊற வச்சேன். பாடியை முன் பிராக்கெட்டுக்கு முன்னாடி ரெண்டு ஸ்டாண்ட்ல நிறுத்தி, ஹவுசிங்குக்கு (பின் ஆக்சில் கூடு) தனியா ஜாக்கி குடுங்க, இது ரெண்டும் வேற வேற, வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில போகவே போகாதீங்க. ஹவுசிங் கீழ தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுதான்னு பாத்துக்கணும். பட்டைகளை நடுவுல கோக்கற சென்டர் போல்ட்டோட தலை ஹவுசிங்ல இருக்கற குழியில சரியா உக்காரணும், கொஞ்சம் தள்ளி உக்காந்தாலும் ஆக்சில் கோணலா நின்னு வண்டி ரோட்டுல நண்டு மாதிரி போகும். யூ போல்ட் புதுசு தான் போட்டேன், இழுத்து முறுக்குன பழசை திரும்ப போடறதுல எனக்கு நம்பிக்கை இல்லை. ஷாக் அப்சர்பர் ரெண்டையும் கையால அமுக்கி பாத்தா எதிர்ப்பே இல்லாம போகுது, அதையும் ஜோடியாவே மாத்தியாச்சு.

இப்ப முக்கியமான விஷயம். பட்டை கண்ணு (பட்டை முனையில இருக்கற வளையம்), ஷேக்கிள் ரெண்டுலயும் ரப்பர் புஷ், அதாவது போல்ட்டை சுத்தி உக்கார்ற ரப்பர் உருளை. அதுக்கு கிரீஸ் தடவாதீங்க, ரப்பர் உப்பி கெட்டுரும், சோப்புத் தண்ணி போதும். அதை விட பெருசு என்னன்னா, வண்டி தூக்கி ஹவுசிங் தொங்கற நிலைமையில புஷ் நட்டை முழுசா டைட் வைக்கவே கூடாது. அப்படி வச்சா தொங்கற நிலையிலயே ரப்பர் பிடிச்சுக்கும், வண்டியை கீழ இறக்குன உடனே ரப்பர் முறுக்கிக்கிட்டு நிக்கும், ஒவ்வொரு பள்ளத்துலயும் இன்னும் முறுக்கும், கொஞ்ச மாசத்துல கிழிஞ்சிரும். 2019ல எனக்கு நடந்தது இதே தான், பட்டையோட புஷ்ஷும் சேந்து போச்சு. இந்த தடவை லேசா முடுக்கிட்டு, நாலு சக்கரமும் தரையில நின்னதுக்கு அப்புறம் வண்டியை ஆட்டி ஆட்டி உக்கார வச்சு தான் கடைசி டைட் வச்சேன். 500 கிலோமீட்டர் ஓட்டிட்டு யூ போல்ட்டை மறுபடி பாத்தா நட்டு கால் சுத்து வாங்குச்சு.

ஓட்டம் எப்படின்னா, முதல் ரெண்டு மாசம் தனியா போனா விறைப்பா தான் இருந்துச்சு, அப்புறம் பட்டை படிஞ்சு பழைய மிதப்பு வந்துருச்சு. ஆழியார்ல இருந்து வால்பாறை ஏறுற 40 கொண்டை ஊசி வளைவுலயும் முன்னாடி எல்லாம் பின்பக்கம் தனியா ஒரு ஆட்டு ஆட்டும், ஸ்டீயரிங்கை திருத்திக்கிட்டே இருக்கணும். புஷ்ல இருந்த ஆட்டம் போனதும் அது சுத்தமா நின்னுச்சு. அஞ்சு பேரும் டிக்கி நிறைய சாமானுமா போனப்ப கூட பட்டை முழுசா அமுங்குனா இடி தாங்கற பம்ப் ரப்பர்ல ஒரு தடவையும் இடிக்கலை.

குறையும் இருக்கு. வெயில் காலத்துல பட்டைக்கு நடுவுல கிரீச் சத்தம் வரும், வருஷம் ஒரு தடவை கம்பி பிரஷ் போட்டு தேய்ச்சு கிராஃபைட் கிரீஸ் வச்சா அடங்குது. மூணாவது வருஷம் இடது ஷேக்கிள் புஷ் ஒன்னு வெடிச்சிருந்துச்சு. 2014ல அம்பாசடர் செஞ்ச உத்தர்பாரா ஃபேக்டரி நின்னதுக்கு அப்புறம் கிடைக்கற ரப்பர் சாமான்ல தரம் ஒரே மாதிரி இல்லை, நகத்தால அமுக்கி பாத்து வாங்குங்க, கல்லு மாதிரி இருந்தா வேண்டாம்.

போன வாரம் மறுபடி டேப் வச்சேன். நாலு வருஷத்துல வலது 6 மில்லி, இடது 4 மில்லி இறங்கியிருக்கு.