பிள்ளைக்குப் பெரிய வரி ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் ஜாக்கிரதை

டாலஸ் பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்கு, முக்கியமாகப் பகுதிநேர வேலைக்குப் போகும் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு இதை எழுதுகிறேன். வாட்ஸ்அப் குழுக்களில் "டாக்ஸ் ஃபைல் செய்து தரப்படும்" என்று சுற்றி வந்த ஒருவர் எங்கள் குடும்பத்தை நன்றாகவே அலைக்கழித்துவிட்டார்.

என் மகளுக்கு 17 வயது. 2024-இல் ஒரு ஐஸ்கிரீம் கடையில் வேலை பார்த்தாள். வேலை கொடுத்தவர் தரும் வருடச் சம்பளச் சான்றான டபிள்யூ-2 படிவத்தில் சம்பளம் 6,200 டாலர். அதில் 2 என்று எண் போட்ட பெட்டியில், பிடித்த ஃபெடரல் (மத்திய அரசு) வரி 214 டாலர். பெற்றோரைச் சார்ந்த பிள்ளைக்குச் சம்பளம் மட்டும்தான் வருமானம் என்றால், அந்த ஆண்டுக்கு 14,600 டாலர் வரை வருமான வரி கிடையாது, ரிட்டர்ன் (வரிக் கணக்கு) போடும் கட்டாயமும் கிடையாது. டெக்சஸில் மாநில வருமான வரியும் இல்லை. ஆக, அந்த 214 டாலரைத் திரும்ப வாங்குவது மட்டும்தான் வேலை.

அந்த மனிதர் 150 டாலரை ரொக்கமாக வாங்கிக்கொண்டார். ரசீது தரவில்லை. கொஞ்ச நாளில் மகளின் வங்கிக் கணக்கில் 1,214 டாலர் வந்து விழுந்தது. கூப்பிட்டுக் கேட்டால், "ஸ்டூடண்ட் கிரெடிட் சார், எல்லாப் பசங்களுக்கும் போடுறதுதான்" என்றார்.

அப்புறம், எங்களைச் சார்ந்தவளாக மகளைக் காட்டி எங்கள் ரிட்டர்னை ஆன்லைனில் அனுப்பினோம். வரித்துறையான ஐஆர்எஸ் அதை நிராகரித்தது: மகளின் சோஷியல் செக்யூரிட்டி எண் ஏற்கெனவே இன்னொரு ரிட்டர்னில் இருக்கிறதாம். பலமுறை கேட்டு நச்சரித்த பிறகுதான் அவள் ரிட்டர்னின் நகலை அனுப்பினார். பார்த்ததும் வயிறு எரிந்தது. ரிட்டர்ன் படிவமான 1040-இன் முதல் பக்கத்தில், உன்னை வேறொருவர் டிபெண்டன்டாக (தன்னைச் சார்ந்தவராக) காட்ட முடியுமா என்ற கட்டத்தில் டிக் இல்லை. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பெண்ணுக்கு, கல்லூரிச் செலவு செய்ததாக ஒரு தொகையைப் போட்டு, அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி கிரெடிட் என்ற கல்லூரிப் படிப்புக்கான வரிச்சலுகையில் 1,000 டாலர் எடுத்திருக்கிறார். கல்லூரியிலேயே படித்தாலும், 18 வயது நிரம்பாத, பெற்றோர் உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு அந்தப் பணம் ரீஃபண்டாக வரவே கூடாது. இரண்டாம் பக்கத்தின் அடியில், ரிட்டர்ன் தயாரித்தவர் கையெழுத்துப் போடும் பகுதி காலியாகக் கிடந்தது. அவள் தானே தயாரித்ததாகப் பதிவாகியிருந்தது. காசு வாங்கிக்கொண்டு ரிட்டர்ன் தயாரிப்பவர் கையெழுத்தும் ஐஆர்எஸ் தரும் தன் பிடின் (தயாரிப்பவரின் அடையாள) எண்ணும் போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். போடாமல் நழுவினால் பொய்க் கணக்கின் பழி முழுவதும் பிள்ளை தலையில்தான் விழும். அது தெரிந்தே செய்த வேலை இது.

மகள் ரொம்பப் பயந்துபோனாள். முதல் சம்பளம் வாங்கிய வருடத்திலேயே அரசாங்கத்திடம் பொய் சொன்னவள் ஆகிவிட்டோமோ என்று அழுதாள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

1040-எக்ஸ் படிவத்தில் திருத்திய ரிட்டர்ன் போட்டு, அந்த 1,000 டாலரைத் திருப்பிக் கட்டினோம். எங்கள் ரிட்டர்னைக் காகிதத்தில் அச்சிட்டுத் தபாலில் அனுப்ப வேண்டியதாயிற்று. 17 வயதுப் பிள்ளைக்காக எங்களுக்குச் சேர வேண்டிய 500 டாலர் கிரெடிட்டும் அதில்தான் இருந்தது. அவர்மேல் 14157 படிவத்தில் ஐஆர்எஸ்ஸிடம் புகார் கொடுத்திருக்கிறோம். இப்போது அவர் போனையே எடுப்பதில்லை.

சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேருக்குப் பிடித்ததையும் மீட்டுத் தருவேன் என்று சில பெற்றோரிடம் சொல்லியிருக்கிறாராம். சம்பளத்தில் 6.2, 1.45 சதவீதமாகச் சரியாகப் பிடித்த அந்தப் பணம் ரீஃபண்டாக வராது, நம்பாதீர்கள். ஒரே ஒரு டபிள்யூ-2 வைத்திருக்கும் பிள்ளைக்கு ஐஆர்எஸ் தளத்தில் இலவசமாக ரிட்டர்ன் போடும் ஃப்ரீ ஃபைல் வசதியே போதும். நேரில் உதவி வேண்டுமென்றால் நூலகங்களில் நடக்கும் வீட்டா என்ற தன்னார்வலர் வரி உதவி முகாமில் இலவசமாகவே செய்து தருவார்கள். ட்யூஷன், பேபிசிட்டிங் என்று தனியாகச் சம்பாதித்து லாபம் 400 டாலரைத் தொட்டால் மட்டும் கணக்கு வேறு; அங்கே ரிட்டர்ன் கட்டாயம்.

இவரிடம் ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் நகலைக் கேட்டு வாங்கி, டிபெண்டன்ட் கட்டத்தையும் இரண்டாம் பக்கத்து அடியையும் இன்றே பாருங்கள்.