டெல்டாவில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: ‘கண்காட்சிக்கு என்ட்ரி வாங்கித் தருகிறேன்’ என்று ஒருவர் வருவார்

கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்களை விசாரித்து ஒருவர் போன் செய்துகொண்டிருக்கிறார். பெரிய கிளாசிக் கார் கண்காட்சியில் உங்கள் வண்டியைப் போட்டிக்கு நிறுத்தித் தருகிறேன், என்ட்ரி என் பொறுப்பு, வண்டியைத் தயார் பண்ணுவது, லாரியில் ஏற்றிப் போவது, திரும்பக் கொண்டுவந்து வாசலில் விடுவது எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ் என்பார். “அண்ணே, உங்க வண்டிக்குக் கப் கிடைக்காம வேற எந்த வண்டிக்கு அண்ணே கிடைக்கும்” என்று பேச்சு அப்படி இனிக்கும். என்னிடம் பேக்கேஜுக்கு 1,60,000 ரூபாய், ‘நம்பர் மாற்ற’ என்று தனியாக 45,000 ரூபாய் வாங்கினார். குறுவை அறுவடைப் பணம் கையில் இருக்கும் நேரம் பார்த்து வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை.

என்னுடையது ஸ்டாண்டர்டு ஹெரால்டு, தாத்தா வாங்கிய வண்டி. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது, பிரிட்டனின் ட்ரையம்ஃப் ஹெரால்டைத்தான் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961 முதல் தயாரித்தது. இத்தாலிக்காரர் மிக்கலோட்டி வரைந்த உருவம். பானெட்டைத் தூக்கினால் இரண்டு பக்க மட்கார்டும் லைட்டும் சேர்ந்து முன்பக்கமாக அப்படியே சாய்ந்துவிடும், மெக்கானிக் முன் டயர் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். 1970-களின் தொடக்கத்திலேயே இதன் உற்பத்தி நின்றுவிட்டதால் பாகங்கள் கிடைப்பது குதிரைக்கொம்பு. இந்த விஷயம் அந்த ஆளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

முதலில் நம்பர் விஷயம். பழைய நம்பரோடு கண்காட்சிக்கு விடமாட்டார்கள், புது விதிப்படி ‘விஏ’ சீரிஸ் நம்பர் எடுத்தே ஆகவேண்டும் என்றார். பாதி உண்மை. 50 வருஷத்துக்கு மேலான, பெரிதாக எதையும் மாற்றாத வண்டிகளை விண்டேஜ் என்று பதிய 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது நிஜம்தான். புதிதாகப் பதிய கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் அதே விதியில், ஏற்கெனவே இங்கே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது. விஏ சீரிஸ் புதிதாகப் பதிகிறவர்களுக்கு. ஆர்டிஓ ஆபீஸில் போய்க் கேட்டால் என் வண்டி பேரில் ஒரு விண்ணப்பம்கூடப் போடவில்லை. அந்த 45,000 எங்கே போனது என்று கேட்டதற்கு “பிராசஸ்ல இருக்கு அண்ணே” என்றார். இன்னும் பிராசஸில்தான் இருக்கிறது.

இன்னொன்று, இதுதான் முக்கியம். போட்டியோடு நடக்கும் பெரிய கண்காட்சிகளில் என்ட்ரி என்பது யாரும் வாங்கித் தருகிற பொருளே இல்லை. வண்டி உரிமையாளர் விண்ணப்பிக்கவேண்டும், படங்கள், சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், வண்டியின் வரலாறு எல்லாம் கொடுக்கவேண்டும், தேர்வுக்குழு பார்த்து எடுக்கும். அமெரிக்காவில் 1950 முதல் நடக்கும் பெபிள் பீச் காட்சியிலேயே அப்படித்தான், உலகம் முழுக்க விண்ணப்பம் குவியும், உள்ளே போவது சுமார் 200 வண்டி. தேர்வானால் நடத்துகிறவர்களிடமிருந்து உங்கள் பேருக்குக் கடிதமோ மெயிலோ வரும். எனக்கு வந்தது அந்த ஆள் வாட்ஸப்பில் அனுப்பிய ஒரு படம் மட்டும். தங்கக் கலரில் பார்டர் போட்டு, என் பெயரில் ஓர் எழுத்துப்பிழையோடு.

காட்சி பக்கத்து மாநிலத்தில் ஒரு ரிசார்ட்டில். நானும் மனைவியும் விடியற்காலையிலேயே போய்ச் சேர்ந்தோம். புல்வெளியில் வரிசையாகப் போட்டி வண்டிகள், ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் பிரிவு பெயரும் எண்ணும் எழுதிய அட்டை. எங்கள் ஹெரால்டு அங்கே இல்லை. தேடிக்கொண்டே போனால் சாப்பாட்டுக் கடைகள் பக்கம், ஒரு லோன் கம்பெனி ஸ்டாலுக்கு முன்னால், இரண்டு கல்யாண அம்பாசடர்களுக்கு நடுவில் நிற்கிறது. கதவில் அந்தக் கம்பெனி ஸ்டிக்கர். டிக்கி மேல் யாரோ காபி கப்பை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பட்டியல் வைத்திருந்த பெண்ணிடம் கேட்டேன், அந்தப் பிள்ளை பொறுமையாக இரண்டு முறை தேடிப் பார்த்துவிட்டு என் பெயரும் இல்லை, சேஸிஸ் நம்பரும் இல்லை என்றது. ஸ்டாலில் இருந்த மேனேஜர்தான் விஷயத்தை உடைத்தார்: “இது வாடகை வண்டிதானே சார்? ரெண்டு நாளைக்குப் பேசி அட்வான்ஸ் கொடுத்திருக்கோமே.”

அதாவது போட்டிக்கு என்று என்னிடம் பணம் வாங்கி, அதே வண்டியை அலங்காரத்துக்கு வாடகைக்கு விட்டு அங்கேயும் பணம் வாங்கியிருக்கிறார். கோபத்திலும் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது, பொய் சொல்லவில்லை. கண்காட்சி நடத்தியவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவர்களுக்கு என்னைத் தெரியவே தெரியாது.

பெயின்ட்டும் ஒரு கதை. தாத்தா காலத்து வெளிர் நீலம் அங்கங்கே மங்கியிருந்தாலும் கம்பெனியில் அடித்தது. அதைச் சுரண்டிவிட்டு, அந்தக் காலத்தில் அந்த வண்டிக்கு வராத மெட்டாலிக் நீலத்தை அடித்துப் பளபளவென்று ஆக்கியிருந்தார். இந்த மாதிரிப் போட்டிகளில் நடுவர்கள் பார்ப்பது பளபளப்பை மட்டும் அல்ல, அசல் தன்மையை. கெடாமல் பழையபடியே காப்பாற்றிய வண்டிகளுக்குத் தனிப் பிரிவே வைக்கிறார்கள். உங்கள் வண்டியில் பழைய பெயின்ட் இருந்தால், யார் சொன்னாலும் தொட விடாதீர்கள்.

வண்டி திரும்பி வந்தது திறந்த லாரியில். மூடிய கன்டெய்னர் என்றுதான் பேச்சு. சக்கரத்தில் கட்டவேண்டிய பெல்ட்டைப் பானெட்டுக்குக் குறுக்கே போட்டு இறுக்கியிருக்கிறார்கள். ஹெரால்டு பானெட் முன்னால் கீலிலும் பின்னால் இரண்டு கொக்கியிலும்தான் நிற்கிறது, அந்த இறுக்கத்தில் ஒரு பக்கம் அமுங்கி, கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி. பில்லில் ‘டிரான்சிட் இன்ஷூரன்ஸ்’ என்று ஒரு வரி இருக்கிறது, பாலிசி நம்பர் கிடையாது. என் பாலிசி தேர்ட் பார்ட்டி மட்டும். ஓன் டேமேஜும், அதாவது நம் வண்டிக்கே ஆகும் சேதமும், சேர்ந்த பாலிசி வைத்திருப்பவர்களுக்கு லாரியில் போகும்போது ஆகும் சேதத்துக்கும் பொதுவாக வழி இருக்கும், அனுப்புவதற்கு முன்னால் கம்பெனியில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுநாள் எங்கள் மெக்கானிக் பெரியவர் வந்தார். பானெட்டைச் சாய்த்துவிட்டு டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். “தம்பி, மேல இருக்கிறது நம்ம வண்டி. உள்ள இருக்கிறது நம்மளது இல்ல” என்றார். கார்புரேட்டர் வேறு. ஹார்ன் இரண்டும் வேறு. ஹெட்லைட் ரிங், வீல் கப், ஸ்பீடோமீட்டர் எல்லாம் மாறியிருக்கின்றன. பெயின்ட் அடிக்கிறேன் என்று திருச்சி பக்கம் ஒரு ஷெட்டில் வைத்திருந்தபோதுதான் இந்த வேலை நடந்திருக்கவேண்டும். வண்டியைக் கொடுப்பதற்கு முன் என் மகன் விளையாட்டாக எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்திருந்தான், இன்ஜின் ரூம் உட்பட. இப்போது ஆதாரம் என்று கையில் இருப்பது அதுதான். நீங்கள் யாரிடம் வண்டியை விட்டாலும் ஒவ்வொரு பாகத்தையும் நம்பர் தெரிகிற மாதிரி படம் எடுத்து, பட்டியலில் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு விடுங்கள்.

போலீஸில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கியாயிற்று. “பழைய காருக்கு இவ்வளவா சார்” என்று ஏட்டு ஆச்சரியப்பட்டதைத் தவிர இதுவரை நகர்வு இல்லை. தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். உங்களிடமும் இதே மாதிரி தங்க பார்டர் கடிதம் காட்டியிருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து கொடுத்தால் வழக்குக்குப் பலம். அப்புறம் ஹெரால்டு ஸ்பீடோமீட்டர் எங்காவது விலைக்கு வந்தால் கண்ணாடியைப் பாருங்கள். 60-க்கு நேர் மேலே நகம் அளவுக்கு ஒரு விரிசல் இருந்தால் அது என்னுடையது, விற்கிறவரிடம் எதுவும் சொல்லாமல் படம் மட்டும் எடுத்து அனுப்புங்கள்.