"மெமரி ஃபுல்லு"ன்னு சொல்லி 3,800 ரூபாய் பிடுங்கிட்டாங்க. சேலம்காரங்க கவனம்!

கடையிலிருந்து இப்போதுதான் வந்தேன், ஆத்திரம் அடங்கவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்து ரோடு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் 3,800 ரூபாய் ஏமாந்திருக்கிறேன். பேர் போடவில்லை. கண்ணாடிக் கதவு, சுவர் முழுக்க மதர்போர்டு அட்டைப்பெட்டி, அந்த மாதிரிக் கடை. நீங்கள் என்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் கொலுசுப் பட்டறைக் கணக்கு என் பொறுப்பு. 2019ல் வாங்கிய டெஸ்க்டாப், இரண்டு மாதமாக எக்செல் திறப்பதற்குள் காபி ஆறிவிடும். போன சனிக்கிழமை சிபியுவை ஸ்கூட்டியில் காலுக்கு நடுவே வைத்து அம்மாப்பேட்டையிலிருந்து ஓட்டிக்கொண்டு போனேன்.

பையன் அவ்வளவு மரியாதை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். சிஸ்டத்தை ஆன் பண்ணி, சி டிரைவில் சிவப்பாக நிறைந்திருந்த கோட்டைக் காட்டி, "மெமரி ஃபுல்லுக்கா. இன்னொரு 8 ஜிபி ராம் போட்டா பறக்கும்" என்றான். ராம் என்றால், ஓடுகிற வேலையைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் பட்டை. சிவப்பைப் பார்த்ததும் எனக்குப் பக்கென்றது, சரி என்றேன். "அரை மணி ஆகும், ஒரு சுத்து சுத்திட்டு வாங்க." நானும் தெருமுனையில் நின்று தட்டுவடை செட் தின்றேன். அந்த அரை மணியில்தான் எல்லாம் நடந்திருக்கிறது.

திரும்பி வந்தால் மூடியைத் திறந்து செல்போன் டார்ச் அடித்துக் காட்டுகிறான். "முன்ன ஒண்ணு இருந்துச்சு, இப்ப ரெண்டு, பாருங்கக்கா." பச்சையாக இரண்டு பட்டை. கண்ணால் பார்த்த பிறகு என்ன சந்தேகம் வரும்? அங்கேயே ஸ்கேன் பண்ணி 3,800 அனுப்பினேன்.

வீட்டில் அதே ஆமை வேகம். நேற்று கருப்பூரில் இன்ஜினியரிங் படிக்கும் அண்ணன் மகன் வந்தான். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினான். டாஸ்க் மேனேஜர் திறந்தது, அதில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி. மேலே 8.0 ஜிபி. கீழே ஸ்லாட், அதாவது ராம் சொருகும் இடம், 2ல் 2. "அத்தை, ரெண்டு 8 போட்டிருந்தா 16ல்ல காட்டணும்?"

மூடியைக் கழற்றினோம். இரண்டு ஸ்டிக்கரிலும் 4 ஜிபி! பழைய பில்லை எடுத்துப் பார்த்தால் 8 ஜிபி, எண்ணிக்கை 1. என்னுடைய 8ஐ உருவிக்கொண்டு இரண்டு 4ஐச் சொருகி, அதற்கு என்னிடமே 3,800!

இதைவிட வயிற்றெரிச்சல், கணக்கு, பிரவுசர் எல்லாம் திறந்திருந்தபோதே 3.5 ஜிபிதான் ஓடுகிறது, 4.4 கைவசம் இருக்கிறது. ராமே தேவைப்பட்டிருக்கவில்லை. சிவப்பாக இருந்தது ஃபைல் சேமிக்கும் டிஸ்க், கொலுசு டிசைன் போட்டோ சேர்ந்து நிறைந்தது. ஊரில் இரண்டையும் மெமரி என்றுதானே சொல்கிறோம், அதில் விளையாடிவிட்டான்.

நேற்று போன் பண்ணினால், "விண்டோஸ் அப்டேட் பண்ணுங்க, 16 காட்டும்." மறுபடி அடித்தால், "மீதியை டிஸ்ப்ளே எடுத்துக்கும்க்கா." எட்டு ஜிபியை டிஸ்ப்ளே தின்கிறதாம்! இன்று நேரில் போனேன். ஓனர் ஏற்காடு போயிருக்கிறாராம், திங்கட்கிழமை வாங்க. சனிக்கிழமை ஸ்டூல் துடைத்த அதே பையன் இன்று போனிலிருந்து நிமிரவே இல்லை. பில்லைக் காட்டினேன். "ராம் அப்கிரேடுன்னுதான் இருக்கு, எத்தனை ஜிபின்னு எங்க இருக்கு?" உண்மைதான், எழுதவில்லை. 3,800 ரூபாய், துண்டுச் சீட்டில்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. கடைக்குத் தூக்கிப்போகும் முன் அந்த மூன்று பட்டனை அழுத்தி, எவ்வளவு ஜிபி, எத்தனை ஸ்லாட், எவ்வளவு காலி என்று போட்டோ எடுத்துவையுங்கள். சி டிரைவ் சிவப்பைக் காட்டி ராம் விற்றால் எழுந்து வந்துவிடுங்கள். பில்லில் ஜிபி எழுதச் சொல்லுங்கள். தட்டுவடை அப்புறம் தின்னலாம், பக்கத்திலேயே நில்லுங்கள். திங்கட்கிழமை ஓனர் மலையிலிருந்து இறங்குகிறாரா பார்க்கிறேன், இல்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915தான்.