மெட்ஃபார்மினுக்குத் துணையாக எது: கிளிமிபிரைடா, கிளிஃப்ளோசினா?

நீரிழிவுக்கு முதலில் தரும் மெட்ஃபார்மினை நாளுக்கு 2,000 மி.கி. வரை ஏற்றியாயிற்று. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 7.8 சதவீதத்திலேயே நிற்கிறது. அடுத்த மாத்திரை தேவை. அந்த இடத்துக்குப் பல வகைகள் போட்டியிட்டாலும், கணையத்தைத் தூண்டும் கிளிமிபிரைடும், சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின், டபாகிளிஃப்ளோசின் வகையும் (சுருக்கமாகக் கிளிஃப்ளோசின்) தான் இங்கே பேச்சு. டைப் 2 நோயாளிகளில் பெரும்பாலானவர்களுக்கு நான் கிளிஃப்ளோசின் பக்கம்தான்.

தெரிந்த கணக்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எச்பிஏ1சி-யைக் குறைப்பதில் கிளிமிபிரைடு வல்லது. 1 முதல் 1.5 வரை இறக்கும். கிளிஃப்ளோசின் 0.5 முதல் 0.8 வரைதான். எடை கிளிமிபிரைடில் சுமார் 2 கிலோ ஏறும், மற்றதில் 2, 3 கிலோ இறங்கும். இதயத்துக்கு நன்மை என்று 2015-இல் எம்பாகிளிஃப்ளோசின் ஆய்வு காட்டியது: ஏற்கெனவே இதய, ரத்தக்குழாய் நோய் இருந்தவர்களில் அந்நோயால் வரும் மரணம் 38 சதவீதம் குறைந்தது. சிறுநீரகப் பாதுகாப்பும் அடுத்தடுத்த ஆய்வுகளில் உறுதியானது. கிளிமிபிரைடு இதயத்தைக் கெடுக்கும் என்ற பழைய சந்தேகத்துக்கும் பதில் கிடைத்துவிட்டது. 2019-இல் வந்த நேரடி ஒப்பீட்டில், இன்னொரு வகை நீரிழிவு மாத்திரையான லினாகிளிப்டினைவிட அது இதயத்துக்குக் கூடுதல் தீங்கு செய்யவில்லை. தாழ்சர்க்கரைதான், அதாவது ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைவதுதான், பல மடங்கு கூடுதலாக வந்தது.

என் முடிவைத் தீர்மானிப்பது அந்தத் தாழ்சர்க்கரைதான். சரியாகச் சொன்னால், சாப்பாடு தவறும் நாளில் எந்த மாத்திரை என்ன செய்கிறது என்பது.

கிளிமிபிரைடு கணையத்தின் பீட்டா செல்லில் உள்ள பொட்டாசியம் வாயிலை அடைக்கிறது. செல் இன்சுலினை வெளியே தள்ளுகிறது. ரத்தத்தில் அப்போது சர்க்கரை 200 இருக்கிறதா, 80 இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. காலையில் மாத்திரை போட்டு, மதியச் சாப்பாடு இரண்டு மணி நேரம் தள்ளிப்போனாலே நடுக்கம், வியர்வை, படபடப்பு வரலாம். பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கும் மருந்து) எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் மறைந்துபோய் வியர்வை மட்டும் மிஞ்சும். 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது தலைதட்டிய 4 தேக்கரண்டி சர்க்கரை தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இதில் மூன்று இடங்களில் தவறு நடக்கிறது. சாக்லேட், பிஸ்கட் கொடுப்பது ஒன்று. கொழுப்பு கலந்திருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். அகார்போஸ் அல்லது வோகிலிபோஸ் என்ற நீரிழிவு மாத்திரையும் சேர்த்து எடுப்பவருக்குச் சாதாரணச் சர்க்கரை கொடுப்பது இரண்டாவது. அந்த மருந்து சர்க்கரை உடைவதையே தடுப்பதால், தூய குளுக்கோஸ்தான் விரைந்து வேலை செய்யும். மூன்றாவதுதான் ஆபத்தானது: 110-க்கு ஏறியதும் சரியாகிவிட்டது என்று படுத்துவிடுவது. மருந்தின் வேலை நாள் முழுக்க நீளும். சிறுநீரகம் தளர்ந்த முதியவர்களுக்கு ஒரு நாளைத் தாண்டியும் சர்க்கரை திரும்பத் திரும்பச் சரியலாம். அவர்களை மருத்துவமனையில் வைத்துத்தான் கவனிக்க வேண்டும்.

கிளிஃப்ளோசினின் வழி வேறு. சிறுநீரகம் ஒரு நாளில் சுமார் 180 கிராம் குளுக்கோஸை வடிகட்டி, கிட்டத்தட்ட முழுவதையும் ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகிறது. அந்தத் திருப்பும் பாதையை மருந்து அடைப்பதால் 60 முதல் 80 கிராம் சிறுநீரில் போய்விடும். ரத்தச் சர்க்கரை குறையக் குறைய வடிகட்டப்படும் அளவும் குறைவதால், மருந்தின் வேகம் தானாகவே தணிந்துவிடுகிறது. தனியாகவோ மெட்ஃபார்மினோடோ எடுத்தால் தாழ்சர்க்கரை அரிது.

ஆனால் சாப்பிடாத நாள் இதற்கும் ஆகாது. சர்க்கரை வெளியேறிக்கொண்டே இருக்க, உடல் கொழுப்பை எரித்து, ரத்தத்தை அமிலமாக்கும் கீட்டோனைக் குவிக்கிறது. அபூர்வம்தான், ஆனால் ஏமாற்றும் ஆபத்து: மீட்டரில் 170 காட்டும், ‘சுகர் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். குமட்டல், வாந்தி, வயிற்று வலி, ஆழமாக வேகமாக வாங்கும் மூச்சு இருந்தால், சர்க்கரை எவ்வளவு என்றாலும் ரத்தக் கீட்டோனைப் பார்க்க வேண்டும். 0.6 மில்லிமோலுக்குக் கீழே கவலை இல்லை, 1.5-ஐத் தாண்டினால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். 3 என்றால் அவசரப் பிரிவு. சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டையை நம்பி இருக்க வேண்டாம், அது குறைத்துக் காட்டக்கூடும்.

காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, நீண்ட பட்டினி என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு, வழக்கம்போல் சாப்பிடத் தொடங்கி ஒன்றிரண்டு நாள் ஆனபின் மீண்டும் போடலாம். இன்சுலின் எடுப்பவர் இன்சுலினையும் சேர்த்து நிறுத்திவிடக் கூடாது. திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்கு 3 நாள் முன்பே கிளிஃப்ளோசினை நிறுத்த வேண்டும். எர்டுகிளிஃப்ளோசின் என்றால் 4 நாள். டைப் 1 உள்ளவர்கள், கணைய அழற்சியால் இன்சுலின் சுரப்பு வற்றியவர்கள், மாவுச்சத்தை அறவே தவிர்க்கும் உணவுமுறையில் இருப்பவர்கள், மிகுதியாகக் குடிப்பவர்கள் பக்கம் இந்த மாத்திரையைக் கொண்டுபோகவே எனக்கு மனம் வராது.

இரண்டிலும் ஆபத்து இருக்க ஏன் கிளிஃப்ளோசின்? தாழ்சர்க்கரைக்கு நோய்நொடி வேண்டியதில்லை. கூட்டம் நீண்டு சாப்பாடு தள்ளிப்போனாலோ வழக்கத்தைவிடக் கூடுதலாக நடந்தாலோ போதும். கீட்டோன் சிக்கல் பெரும்பாலும் நமக்கே தெரிகிற நாட்களில்தான் வருகிறது. எப்போது நிறுத்த வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி மருந்துப் பெட்டியில் ஒட்டிவைத்தால் பெருமளவு தடுத்துவிடலாம்.

அன்றாடத் தொல்லை என்றால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று, பெண்களுக்குக் கூடுதல். சிறுநீர் கழித்தபின் கழுவி, ஈரமில்லாமல் துடைத்தால் நன்றாகவே குறையும். இரண்டு மாத்திரைகளையும் சேர்த்து எடுப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும்: பூஞ்சைக்குத் தரும் ஃப்ளூகோனசோல், கிளிமிபிரைடு உடலில் சிதைவதைத் தடுத்து அதன் வேகத்தை ஏற்றிவிடும். அந்த நாட்களில் சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும். கிளிமிபிரைடு எடுப்பவருக்கு, கட்டுப்பாடு ஓரளவு நன்றாக இருக்கும்போது, கிளிஃப்ளோசினைச் சேர்த்தால் கிளிமிபிரைடைப் பாதியாகக் குறைப்பதே நல்லது.

இன்னும் இரண்டு பயங்கள் தேவையற்றவை. சிறுநீர்ச் சோதனையில் சர்க்கரை மூன்று பிளஸ், நான்கு பிளஸ் என்று வரும். மருந்து வேலை செய்கிறது என்பதுதான் அதன் பொருள். முதல் சில வாரங்களில், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் சற்றே இறங்கும். இறக்கம் 30 சதவீதத்துக்குள் இருந்தால் அதற்காக நிறுத்த வேண்டியதில்லை.

கிளிமிபிரைடே பொருத்தமான இடமும் உண்டு. சர்க்கரையை விரைவாக இறக்க வேண்டிய கட்டத்திலும், பூஞ்சைத் தொற்று திரும்பத் திரும்ப வருபவர்களுக்கும் அதுதான் கைகொடுக்கும். 1 மி.கி.-யில் தொடங்கி, நாளின் முதல் முழுச் சாப்பாட்டோடு போட வேண்டும். 4 மி.கி.-க்கு மேல் ஏற்றிக் கிடைக்கும் கூடுதல் பலன் சொற்பம்.

மெலிந்து தளர்ந்த, 80 வயதைக் கடந்தவர்கள் விஷயத்தில் மேலே சொன்ன அளவு உறுதியோடு பேச மாட்டேன். எடை இழப்பும் நீரிழப்பும் அவர்களுக்குக் கிளிஃப்ளோசினின் நன்மையைத் தின்றுவிடலாம். கிளிமிபிரைடோ அதைவிட மோசம். இதயச் செயலிழப்பு போன்ற தனிக் காரணம் இல்லாவிட்டால், இரண்டையும் விட்டு லினாகிளிப்டின் 5 மி.கி. போதுமா என்று மருத்துவரிடம் கேட்பதே பொருந்தும். சிறுநீரகத்துக்காக அதன் அளவை மாற்ற வேண்டியதில்லை.